நடை சாத்தும் நேரம் தெரியுமா? வெளிநாட்டிலிருந்து கோயில் யாத்திரை: சந்தேகங்களும் விளக்கங்களும்

ஆண்டு இறுதி விடுமுறை நெருங்கினாலே சிங்கப்பூர், மலேசியா, கனடா உறவினர்களின் வாட்ஸ்அப் அழைப்புகள் தொடங்கிவிடும். "பத்து நாள் வருகிறோம். ஆறுபடை வீடு, நவகிரகம், ராமேஸ்வரம், அப்படியே திருப்பதி" என்பார்கள். எண்ணிப் பார்த்தால் இருபது கோயில் தேறும். வேனுக்கு முன்பணம் கொடுத்த பிறகுதான் விசா, உடை, அறை என்று ஒவ்வொரு சந்தேகமாகக் கிளம்பும். தமிழ்நாட்டுக் கோயில்களுக்கு வெளிநாட்டிலிருந்து வருவோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டோம். கட்டணங்களும் நேரங்களும் அவ்வப்போது மாறும். பொதுவாகப் பொருந்துகிறவற்றையே சொல்கிறோம்.

கோயில் யாத்திரைக்கென்று தனி விசா எடுக்க வேண்டுமா?

வேண்டாம், சுற்றுலா விசாவே போதும். இணையத்தில் எடுக்கும் இ-டூரிஸ்ட் விசா 30 நாள், ஓராண்டு, ஐந்தாண்டு என மூன்று வகை. எந்த நாட்டவருக்கு எது கிடைக்கும், ஒரே மூச்சில் எத்தனை நாள் தங்கலாம் என்பது பாஸ்போர்ட்டைப் பொறுத்தது. பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்ல வேண்டும். முத்திரை குத்த இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும். கைக்குழந்தைக்கும் தனி விசா உண்டு. 30 நாள் விசாவை இங்கே வந்து நீட்டிக்க முடியாது என்பதால், 'இன்னொரு வாரம் இருந்துவிட்டுப் போங்கள்' என்று அத்தை கையைப் பிடித்தாலும் கிளம்பியாக வேண்டும்.

அரசின் இணையதளம் போலவே தோற்றம் காட்டி, பல மடங்கு கட்டணம் கறக்கும் தனியார் தளங்கள் நிறைய இருக்கின்றன. அரசு முகவரி 'கவ் டாட் இன்' என்று முடியும். அதைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். 2025 அக்டோபர் 1 முதல் வெளிநாட்டவருக்கான வருகை அட்டையும் இணையத்துக்கு மாறியிருக்கிறது. வந்திறங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும், கட்டணம் கிடையாது.

ஓசிஐ அட்டை உள்ளவர்களுக்கு விசா வேண்டாம். ஆனால் அட்டை கையில் இருக்க வேண்டும். அதை வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு விமான நிலையத்தில் வாதாடிப் பயனில்லை.

யாழ்ப்பாணப் பக்கமிருந்து வருவோருக்கு 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கிய காங்கேசன்துறை - நாகப்பட்டினம் கப்பல் ஒரு வசதி. நாகையில் இறங்கினால் சிக்கல் சிங்காரவேலரும் திருநள்ளாறும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். மழைக்காலத்தில் கடலின் நிலை பார்த்து நிறுத்திவிடுவார்கள் என்பதையும், கையில் உள்ள விசா அந்தத் துறைமுகத்தில் செல்லுமா என்பதையும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

எந்த மாதம் வரலாம்?

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்கு இதில் பெரிய தேர்வு இல்லை. டிசம்பரில்தான் வருவார்கள். அந்த டிசம்பரில்தான் வடகிழக்குப் பருவமழையும் இருக்கும், ஐயப்ப சீசனும் இருக்கும். கார்த்திகை முதல் தேதியிலிருந்து ஜனவரி நடுவே மகரவிளக்கு வரை, சபரிமலை போகிறவர்களும் திரும்புகிறவர்களும் பழனி, மதுரை, ராமேஸ்வரம், திருச்செந்தூர், கன்னியாகுமரி என்று ஒரு சுற்று சுற்றுவார்கள். சாதாரண வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரத்தில் முடியும் தரிசனம் அப்போது நான்கு மணி நேரம் ஆகலாம்.

விடுமுறைக் கட்டு இல்லாதவர்கள் ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் முதல் வாரத்துக்குள் வாருங்கள். வெயில் ஏறியிருக்காது, மழை விட்டிருக்கும். அதிலும் தைப்பூசத்தன்று பழனியையும், தை அமாவாசையன்று ராமேஸ்வரத்தையும் தவிர்த்துவிட வேண்டும். கூட்டத்தையே பார்க்க வேண்டும், அதுதான் திருவிழா என்கிறவர்களிடம் எனக்கு ஆட்சேபம் இல்லை. மதுரைச் சித்திரைத் திருவிழாவுக்கும், திருச்செந்தூர் சூரசம்ஹாரத்துக்கும், திருவண்ணாமலைத் தீபத்துக்கும் நிகரான அனுபவம் வேறில்லை. ஆனால் அந்த ஊரில் அறை கிடைத்த பிறகு விமான டிக்கெட் எடுங்கள். டிக்கெட் எடுத்த பிறகு அறை தேடாதீர்கள்.

பத்து நாளில் எத்தனை கோயில் பார்க்கலாம்?

அதிகம் தவறுகிற இடம் இது. கூகுள் வரைபடத்தில் தூரத்தைப் பார்த்துத் திட்டம் போடுகிறார்கள். கோயிலின் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. பெரும்பாலான கோயில்களில் நண்பகல் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் மாலை நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். பழனி, திருச்செந்தூர் போன்ற சில இடங்களில்தான் பகல் முழுவதும் தரிசனம். ஆக, யாத்திரைக்காரரின் ஒரு நாள் என்பது காலையில் ஓர் அரை நாள், மாலையில் ஓர் அரை நாள். நடுவில் உள்ள நான்கு மணி நேரம் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் சாலைக்கும் உரியது. தஞ்சாவூரில் பதினொன்றரைக்குக் கிளம்பி, நாற்பது கிலோமீட்டர்தானே என்று கும்பகோணத்துக்கு விரைந்தால், பூட்டிய கதவைத்தான் தரிசிக்க முடியும்.

நவகிரகக் கோயில்களை எடுத்துக்கொள்வோம். ஒன்பதும் கும்பகோணத்தைச் சுற்றித்தான் இருக்கின்றன என்பது உண்மையே. ஆனால் சந்திரனின் திங்களூர் மேற்கே திருவையாறு பக்கம். புதனின் திருவெண்காடும் கேதுவின் கீழப்பெரும்பள்ளமும் கிழக்கே பூம்புகார் பக்கம், கடலை ஒட்டி. சனீஸ்வரனின் திருநள்ளாறோ காரைக்காலில், புதுச்சேரி எல்லைக்குள். ஒரே நாளில் ஒன்பதையும் முடிக்கும் வேன்களும் பேருந்துகளும் ஓடத்தான் செய்கின்றன. விடியுமுன் புறப்பட்டு இரவு திரும்புவார்கள். ஒவ்வொரு கோயிலிலும் இறங்கி, ஓடி, கும்பிட்டு, ஏறுவதுதான் நடக்கும். ஆலங்குடியில் குருவைப் பார்த்தோமா, கஞ்சனூரில் சுக்கிரனைப் பார்த்தோமா என்று மறுநாள் காலையில் குழப்பம் வரும். இரண்டு நாளாகப் பிரித்தால் திருநாகேஸ்வரத்தில் ராகு கால பாலாபிஷேகத்துக்கும் நிற்கலாம். வைத்தீஸ்வரன்கோயிலில் செவ்வாயை மட்டும் கும்பிட்டுவிட்டு ஓடாமல், செல்வமுத்துக்குமாரசுவாமி முன்னாலும் கொஞ்ச நேரம் இருக்கலாம்.

ஆறுபடை வீடும் அப்படித்தான். திருப்பரங்குன்றம், பழமுதிர்சோலை இரண்டும் மதுரையை ஒட்டி. பழனி மதுரையிலிருந்து ஏறக்குறைய 120 கிலோமீட்டர் வடமேற்கே. திருச்செந்தூர் அதைவிடத் தூரம், தெற்கே. சுவாமிமலை கும்பகோணத்துக்குப் பக்கம். திருத்தணி சென்னைக்கு மேற்கே. ஒரே மூச்சில் ஆறையும் முடிக்க நான்கு நாளாவது ஒதுக்க வேண்டும். பஞ்சபூதத் தலங்களில் காஞ்சிபுரம், திருவானைக்காவல், திருவண்ணாமலை, சிதம்பரம் நான்கும் தமிழ்நாட்டில், காளஹஸ்தி ஆந்திராவில்.

பத்து நாள் வருகிறவர்கள் இரண்டு ஊர்களை மையமாக வைத்துக்கொள்ளலாம். திருச்சியில் இறங்கினால் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும் சமயபுரமும் ஒரு நாள். பிறகு கும்பகோணத்தில் மூன்று இரவு. ஊருக்குள்ளேயே கும்பேசுவரர், சாரங்கபாணி, சக்கரபாணி, ராமசாமி, நாகேசுவரன் என்று நடந்தே பார்க்கலாம். தாராசுரம் கூப்பிடு தூரம். அடுத்து மதுரையில் மூன்று இரவு. அங்கிருந்து ராமேஸ்வரம் ஓர் இரவு. திரும்பும் விமானத்தை மதுரையிலிருந்தே போட முடிந்தால் ஒரு நாள் மிச்சம். திருப்பதி? அதற்கு வேறொரு பயணம் வாருங்கள். பத்து நாளில் அதையும் திணித்தால் வேறு இரண்டு கோயிலைப் பலி கொடுக்க நேரும்.

ராமேஸ்வரத்தில் ஓர் இரவு தங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஸ்படிக லிங்க தரிசனம் விடியற்காலையில்தான். அதன் பிறகு அக்னி தீர்த்தத்தில் முழுக்குப் போட்டு, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் நீராடி, ஈரத்துணி மாற்றிக்கொண்டுதான் சுவாமி சன்னதிக்குப் போக வேண்டும். ஈரத்துணியோடு உள்ளே விட மாட்டார்கள். மாற்று உடையை யாராவது ஒருவர் உலர்ந்தபடி வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். குடும்பத்தில் அந்த ஒருவர் யார் என்பதை முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ரயிலில் போகலாமா?

போகலாம். இந்தியருக்கு முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும்; வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கென உள்ள ஒதுக்கீட்டில் 365 நாளுக்கு முன்பே எடுக்கலாம். கடைசி நேரத் தட்கலை நம்பாதீர்கள். இணையத்தில் தட்கல் எடுக்க 2025 ஜூலையிலிருந்து ஆதார் சரிபார்ப்பு கேட்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வருவோரில் பலரிடம் ஆதார் இருக்காது. ராமேஸ்வரத்துக்கு 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டதிலிருந்து ரயில் மறுபடி தீவு வரை போகிறது.

மடத்திலோ சத்திரத்திலோ தங்க ஆசை. இடம் தருவார்களா?

வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவரைத் தங்க வைக்கிற யாரும், அந்த விவரத்தை 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறையின் இணையதளத்தில் பதிய வேண்டும். லாட்ஜ்காரர்கள் பேச்சில் அது 'சி ஃபார்ம்'. பெரிய ஓட்டல்களுக்கு இது அன்றாட வேலை. ஆனால் சிறிய லாட்ஜ், சத்திரம், மடம் பலவற்றில் அந்தப் பதிவு வசதியே இருக்காது. 'ரூம் இல்லை' என்று சொல்லிவிடுவார்கள். தமிழ் பேசுகிறோம், நெற்றியில் விபூதி இருக்கிறது, இருந்தும் ஏன் இப்படி என்று வருத்தப்படுவதில் அர்த்தமில்லை. அவர்கள் பார்ப்பது பாஸ்போர்ட்டின் நிறத்தை. முன்பதிவு செய்யும்போதே 'வெளிநாட்டுப் பாஸ்போர்ட், சி ஃபார்ம் போடுவீர்களா?' என்று கேட்டுவிடுங்கள்.

உறவினர் வீட்டில் தங்கினாலும் இதே விதிதான் என்பது பலருக்குத் தெரியாது.

மருமகள் ஐரோப்பியப் பெண். சன்னதி வரை விடுவார்களா?

கோயிலைப் பொறுத்தது, அந்த நேரத்தில் வாசலில் நிற்பவரைப் பொறுத்தது என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டின் பல பெரிய கோயில்களில், இந்து அல்லாதவர் கொடிமரத்தைத் தாண்டக் கூடாது என்ற பலகை இருக்கும். வெளிப்பிராகாரம், மண்டபம், சிற்பங்கள் எல்லாம் பார்க்கலாம். கருவறைப் பக்கம் போக முடியாது. 2024 ஜனவரியில் பழனி கோயில் தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு, இத்தகைய பலகைகளை வைக்கச் சொன்னது. அதே தீர்ப்பில் ஒரு வழியும் இருந்தது: குறிப்பிட்ட தெய்வத்தின் மீது நம்பிக்கையோடு வழிபட விரும்பும் பிற மதத்தவரிடம், அந்த நம்பிக்கையையும் கோயில் வழக்கங்களுக்குக் கட்டுப்படுவதையும் எழுதி வாங்கிக்கொண்டு, பதிவேட்டில் குறித்து அனுமதிக்கலாம்.

அதனால் வாசலில் நின்று வாக்குவாதம் செய்வதைவிட, நேரே கோயில் அலுவலகத்துக்குப் போவது மேல். செயல் அலுவலரோ கண்காணிப்பாளரோ இருப்பார். 'இவர் எங்கள் மருமகள், இந்த வழிபாட்டில் நம்பிக்கை உள்ளவர், எழுதித் தருகிறோம்' என்று சொல்லிப் பாருங்கள். புடவையும் பொட்டுமாக வந்தால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று சிலர் யோசனை சொல்வார்கள். நடந்தாலும் நடக்கும். நடுவழியில் நிறுத்தி வெளியே அனுப்பினால், அந்தப் பெண்ணுக்கு ஏற்படும் அவமானத்தை நினைத்துப் பாருங்கள். முன்கூட்டிக் கேட்பதுதான் மரியாதை.

தஞ்சைப் பெரிய கோயில், கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் மூன்றும் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளவை. தொல்லியல் துறை பராமரிப்பில் இருப்பவை. அங்கே வெளிநாட்டவருக்குக் கெடுபிடி குறைவு, நுழைவுச்சீட்டும் இல்லை. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்குச் சீட்டு உண்டு. வெளிநாட்டவருக்குக் கட்டணம் பல மடங்கு. ஆனால் இலங்கை உள்ளிட்ட சார்க் நாட்டவரும் ஓசிஐ அட்டைதாரரும் இந்தியருக்கான கட்டணமே கட்டலாம். இது தெரியாமல் அதிகமாகக் கட்டிவிட்டு வருகிறவர்கள் நிறைய.

தமிழ்நாட்டைத் தாண்டினால் விதி இன்னும் கடுமை. குருவாயூரிலும் பூரி ஜகந்நாதர் கோயிலிலும் இந்து அல்லாதவருக்கு அனுமதியே இல்லை. திருமலையில் நம்பிக்கையைத் தெரிவிக்கும் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள்.

என்ன உடுத்த வேண்டும்?

ஆணுக்கு வேட்டி அல்லது முழுக்கால் சட்டை, பெண்ணுக்குப் புடவை, தாவணி, துப்பட்டாவோடு சுடிதார். இதில் பெரும்பாலும் பிரச்சினை வராது. உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு உத்தரவுப்படி 2016 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டுக் கோயில்களில் உடைக் கட்டுப்பாடு வந்தது. அதே மாதத்தில் மேல் அமர்வு அதை நிறுத்தி வைத்தது. சட்டம் எப்படியிருந்தாலும் பல கோயில் வாசல்களில் பலகை இருக்கிறது. அரைக்கால் சட்டை போட்ட பதினைந்து வயதுப் பையனை நிறுத்தினால், எதிர்க் கடையில் வேட்டி வாங்கிச் சுற்றிக்கொண்டு வர வேண்டியதுதான். திருச்செந்தூர், சுசீந்திரம், கன்னியாகுமரி கோயில்களில் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் ஆண்களுக்கு வேட்டிதான்.

வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு உடையைவிடப் பெரிய சிரமம், வெறுங்கால். பிராகாரத்துக் கருங்கல் பகல் பதினொரு மணிக்கே கொதிக்கும். தேங்காய் நார் விரிப்பும் வெள்ளைப் பூச்சும் போட்டிருக்கும் பாதையை விட்டு விலகாமல் நடக்கச் சொல்லுங்கள்.

செல்போன் கொண்டு போகலாமா?

2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு, தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் செல்போனைத் தடை செய்யச் சொன்னது. மதுரை மீனாட்சி கோயிலில் அதற்கு முன்பிருந்தே தடை. திருச்செந்தூர், பழனியிலும் வெளியே ஒப்படைத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. தரிசனச் சீட்டை இணையத்தில் எடுத்து, அது செல்போனில் இருக்கும். செல்போனோ லாக்கரில் இருக்கும். சீட்டைக் காகிதத்தில் அச்சிட்டுக்கொள்ளுங்கள். கூட்டத்தில் பிரிந்துபோனால் அழைக்கவும் முடியாது. 'கிழக்குக் கோபுர வாசல், செருப்புக் கடை பக்கம்' என்று ஓர் இடத்தைப் பேசி வைத்துவிட்டு உள்ளே போங்கள். பிள்ளைகளின் சட்டைப் பையில் இந்திய எண் ஒன்றை எழுதிப் போடுங்கள்.

விரைவு தரிசனம் செய்து வைப்பதாகச் சொல்பவர்களை நம்பலாமா?

கூடாது. சிறப்பு தரிசனக் கட்டணம் உள்ள இடங்களில் கோயில் கவுன்ட்டரிலேயே ரசீதோடு சீட்டு கிடைக்கும். அறநிலையத் துறையின் இணையதளத்திலும் பல கோயில்களுக்கு எடுக்கலாம். இந்திய செல்போன் எண் இல்லாமல் ஓடிபி வராது என்பதால், இங்குள்ள உறவினரை எடுக்கச் சொல்வது எளிது. சீட்டில் உள்ள பெயரும் பாஸ்போர்ட் பெயரும் ஒத்திருக்கட்டும்; திருமலையில் இதில் கண்டிப்பு அதிகம்.

வெளிநாட்டு உச்சரிப்பைக் கேட்டதும் கூடவே வருகிறவர்கள், பரிகாரத்துக்குப் 'பேக்கேஜ்' சொல்பவர்கள், ஜாதகத்தை வாங்கிப் பார்த்துப் பதறுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அர்ச்சனைக்குச் சீட்டு, அபிஷேகத்துக்குச் சீட்டு. அர்ச்சகருக்குத் தட்டில் விருப்பப்பட்டதைப் போடலாம். பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டுகள் கையில் இருந்தால் தட்டு முன்னால் தடுமாற வேண்டியதில்லை.

தாத்தா கப்பலேறிப் போனவர். குலதெய்வக் கோயில் எதுவென்று தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

மலேசியாவிலிருந்து வருவோர் அதிகம் கேட்பது இதைத்தான். பழைய பிறப்புச் சான்றிலோ தோட்டத்துக் காகிதத்திலோ 'சேலம் ஜில்லா' என்று இருக்கும். கூடவே ஆங்கிலத்தில் சிதைந்த ஓர் ஊர்ப் பெயர் இருக்கும். அதை நம்பிச் சேலத்தில் தேடினால் கிடைக்காது. அன்றைய சேலம் ஜில்லாவிலிருந்து 1965-ல் தருமபுரி பிரிந்தது. 1997-ல் நாமக்கல் பிரிந்தது. தருமபுரியிலிருந்து 2004-ல் கிருஷ்ணகிரி பிரிந்தது. பழைய திருச்சி ஜில்லா இன்று கரூர், பெரம்பலூர், அரியலூர் என்றெல்லாம் ஆகிவிட்டது. ஆகவே மாவட்டப் பெயரை விடுத்து, தாலுகா பெயர் கிடைக்கிறதா என்று பாருங்கள். ஒரே பெயரில் நான்கைந்து ஊர் இருக்கும் மாநிலம் இது.

இரண்டாவது தடயம் குடும்பத்துப் பெயர்களில் இருக்கிறது. தலைப்பிள்ளைக்குக் குலதெய்வத்தின் பெயரை வைப்பது பழைய வழக்கம். பேச்சியம்மாள், கருப்பையா, அங்கம்மாள், சுடலைமுத்து, ஐயனார் என்று ஏதாவது ஒரு பெயர் தலைமுறை தோறும் திரும்ப வந்திருந்தால், தெய்வம் யாரென்று ஊகிக்கலாம். உயிரோடு இருக்கும் மூத்த அத்தைகளிடம், முதல் மொட்டை எங்கே எடுத்தார்கள், எந்த மாதம் பொங்கல் வைத்தார்கள் என்று கேளுங்கள். பங்குனி உத்திரம் என்றால் நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்துச் சாஸ்தாவாக இருக்க வாய்ப்பு அதிகம். மகா சிவராத்திரி என்றால் மதுரை, தேனி, ராமநாதபுரப் பக்கம் தேடலாம்.

கோயில் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கிராமத்துக் கோயில் தினமும் திறந்திருக்காது. சாவி பூசாரி வீட்டில், பூசாரி வயலில். இரண்டு நாள் முன்பே சொல்லி அனுப்ப வேண்டும். போய் நின்றால், பங்காளிகள் கூடுவார்கள்; விசாரணை நடக்கும்; தலைக்கட்டு வரிப் பேச்சும் வரலாம். இதற்கு முழு நாள் ஒதுக்குங்கள். நவகிரகத்தில் நான்கைக் குறைத்தாவது ஒதுக்குங்கள் என்பேன்.

அந்தக் கோயில் கும்பாபிஷேகத்துக்கு ஒரு லட்சம் கொடுக்கலாமா?

கையிலிருக்கும் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பதே முதல் கேள்வி. இந்தியப் பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர், வங்கி வழியாகத் தாராளமாகக் கொடுக்கலாம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் கொடுப்பது, அவர் ஓசிஐ அட்டைக்காரராக இருந்தாலும், 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வரும். அந்தச் சட்டத்தில் பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்புதான் அதை வாங்க முடியும். பதிவு பெற்ற அமைப்பும் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் தலைமைக் கிளையில் அதற்கென்று தொடங்கிய கணக்கில்தான் வாங்க வேண்டும். 2020-ல் வந்த திருத்தம் இது.

கிராமத்துக் கோயில் திருப்பணிக் குழுவுக்கு இந்தப் பதிவு பெரும்பாலும் இருக்காது. 'என் கணக்கில் போடுங்கள், நான் கோயிலுக்குக் கொடுத்துவிடுகிறேன்' என்று மச்சான் சொல்வார். வெளிநாட்டிலிருந்து வந்த பணம் கை மாறிப் போனாலும் அதை வெளிநாட்டு நன்கொடையாகவே சட்டம் பார்க்கும். மாட்டிக்கொள்வது மச்சானும் குழுவும்தான். பெரிய தொகை என்றால் பதிவு எண்ணைக் கேளுங்கள்; இல்லை என்றால் கொடுக்காதீர்கள். அர்ச்சனை, அபிஷேகம், தரிசனச் சீட்டு ஆகியவை சேவைக்கான கட்டணம். அவற்றுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

உண்டியலில் ரிங்கிட்டும் டாலரும் போடுவதைத் தவிர்த்து, ரூபாயாக மாற்றிப் போடுங்கள்.

நகை போட்டுக்கொண்டு வரலாமா?

அளவோடு. கோயில் யாத்திரை வந்த இலங்கைப் பெண் ஒருவர் அணிந்திருந்த தாலிக்கொடியைச் சென்னை விமான நிலையச் சுங்கத்தில் பறிமுதல் செய்து, அது உயர் நீதிமன்றம் வரை போய், 2025-ல் திருப்பிக் கொடுக்க உத்தரவானது. நீதி கிடைத்தது; அதற்கு ஓராண்டு ஆயிற்று. கனமான நகை கட்டாயம் என்றால் வந்திறங்கும்போதே சுங்கத்தில் தெரிவித்துச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும்போதும் அது உதவும். கையில் 5,000 அமெரிக்க டாலருக்கு மேல் மதிப்புள்ள வெளிநாட்டு நோட்டுகள் இருந்தால் அதையும் தெரிவிக்க வேண்டும்.

அம்மாவுக்கு எழுபத்தைந்து வயது. மலைக்கோயில் ஏற முடியுமா?

பழனியில் ஏறக்குறைய 700 படி. ரோப் காரும் வின்ச்சும் உண்டு. ரோப் கார் பலத்த காற்றில் நிற்கும்; ஆண்டுப் பராமரிப்புக்காக ஒரு மாதம் போல மூடியும் இருக்கும். சோளிங்கரில் 2024-லிருந்து ரோப் கார் ஓடுகிறது. திருத்தணியில் மலை மேல் வரை வண்டி போகும். பெரிய கோயில்களில் சக்கர நாற்காலி கேட்டால் கிடைக்கும். முதியவர்களுக்கு ராமேஸ்வரத்தின் 22 தீர்த்தம் வேண்டாம், வழுக்கும். ஒரு தீர்த்தத்துத் தண்ணீரைத் தலையில் தெளித்தாலும் புண்ணியம் குறையாது என்று பெரியவர்களே சொல்வார்கள்.

பிரசாதத்தை விமானத்தில் கொண்டு போகலாமா?

விபூதி, குங்குமத்துக்குத் தடையில்லை. அமெரிக்கா போகிறவர்கள் பெரிய விபூதிப் பொட்டலத்தைக் கைப்பையில் வைக்காமல் பெட்டியில் போடுவது நல்லது. 350 மில்லிக்கு மேற்பட்ட பொடியைத் தனியே சோதிப்பார்கள். தீர்த்தமும் பஞ்சாமிர்தமும் பெட்டியில்தான் போக வேண்டும். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பழனிப் பஞ்சாமிர்தத்தை மூடி முத்திரையிட்ட டப்பாவாக வாங்குங்கள். கற்பூரம் தீப்பற்றும் பொருள் என்பதால் கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. கொப்பரைத் தேங்காய்க்கும் அதே கதி. ஆஸ்திரேலியா போகிறவர்கள் ருத்திராட்சம், பூ, பால்கோவா எதுவானாலும் அங்கே இறங்கியதும் அறிவிக்க வேண்டும், மறைத்தால் அபராதம். சுவாமிமலையில் புதிதாக வார்த்த பஞ்சலோகச் சிலை வாங்கினால் ரசீதோடு, பழம்பொருள் அல்ல என்ற சான்றும் பெற்றுக்கொள்ளுங்கள். நூறாண்டு கடந்த சிலையை நாட்டைவிட்டுக் கொண்டு போவது 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

கிளம்புமுன் கடைசியாக எதைச் சரிபார்க்க வேண்டும்?

கடைசியாக அல்ல, முதலிலேயே சரிபார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது: பாலாலயம். கும்பாபிஷேகத் திருப்பணி தொடங்கிவிட்டால் தெய்வ சக்தியைக் கலசத்திலோ அத்திமரப் பலகையிலோ ஆவாகனம் செய்து, அதற்குத்தான் பூஜை நடக்கும். மூலவர் பாலாலயம் ஆகிவிட்டால், அவரைப் பார்க்க முடியாது. 2025 ஜூலையில் திருச்செந்தூரிலும் திருப்பரங்குன்றத்திலும் அடுத்தடுத்த வாரங்களில் கும்பாபிஷேகம் நடந்தது. அதற்கு முந்தைய மாதங்களில் ஆறுபடை வீடு என்று திட்டமிட்டு வந்தவர்களுக்குத் திருப்பரங்குன்றத்தில் மூலவர் தரிசனம் இல்லாமல் போயிற்று. விசாவும் விடுதியும் பணத்தால் சரியாகிவிடும்; இது ஆகாது. எந்தக் கோயிலுக்காகக் கடல் கடந்து வருகிறீர்களோ, அந்தக் கோயிலின் அலுவலகத்துக்கு இங்குள்ள உறவினர் ஒருவரை விட்டு, 'மூலவர் தரிசனம் உண்டா, அந்தத் தேதிகளில் விழா ஏதும் இருக்கிறதா?' என்று ஒரு போன் போடச் சொல்லுங்கள். விமான டிக்கெட்டை அதற்குப் பிறகு எடுங்கள்.